வெள்ளைக் கம்பளியும் பேர் சொல்லாத மருந்தும்

கல்யாணமாகி வரும்வரை, கம்பளி என்றால் ஆடு மேய்ப்பவர்கள் தலையில் கொங்காடை மாதிரி போட்டுக்கொண்டு போகிற சாமான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது சிங்காரப்பேட்டைப் பக்கம். கல்லும் வெயிலுமாகக் காய்கிற ஊர். மார்கழியில்கூட ஒரு பழைய சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டால் போதும், பொழுது விடிந்துவிடும். என்னைக் கட்டிக்கொடுத்ததோ ஓசூருக்கும் தளிக்கும் நடுவில் ஒரு மேட்டு ஊரில். இப்போது அந்தப் பக்கம் கம்பெனிகளுக்கு நடுவில் ஊரைத் தேட வேண்டியிருக்கிறது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஐம்பதுகளில் ராகிக் கொல்லையும் அவரைப் பந்தலும்தான். கார்த்திகை பிறந்தால் காலையில் கிணற்றடி தெரியாது, அப்படிப் பனி இறங்கும். மைசூர் ராஜ்ஜியம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அந்த வீட்டில் மாமியார் இல்லை. நான் வருவதற்குச் சில வருஷம் முன்னாலேயே போய்விட்டார். மாமனார், அவருடைய இரண்டு மகன்கள், கல்யாணமாகாத ஒரு மகள். என்னைக் கட்டியவர் இளையவர். மூத்தவருக்கு வாய்த்தவள், என் ஓரகத்தி, ஆனேக்கல் பக்கத்துப் பெண். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனாலும் முறைக்கு அவள் அக்கா. எங்கள் இனத்து ஆள்தான். ஆனால் கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்ததால் கோபம் வந்தால் கன்னடத்தில் பேசுவாள், சந்தோஷம் வந்தாலும் கன்னடம்தான். எனக்கு அப்போது ஒரு வார்த்தையும் புரியாது. சமையலில் அவள் போட்டது எனக்குப் பிடிக்காது, நான் வைத்தது அவளுக்குப் பிடிக்காது. இன்னது இப்படி என்று சொல்ல வீட்டில் ஒரு மாமியார் இருந்திருந்தால் இருவரும் அவர்மேல் குறைபட்டுக்கொண்டு சிநேகமாகியிருப்போம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

வீட்டின் பின்கட்டில் துணிக்கென்று ஓர் அறை இருந்தது. அதில் பலா மரத்தில் செய்த பெரிய பெட்டி. ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கலாம், அவ்வளவு பெரிசு. கறுப்புக் கம்பளிகள், ஜமக்காளங்கள், பட்டுச் சேலைகள், எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளாட்டுத் தோல் உறையில் ஒரு வெள்ளைக் கம்பளி. மாமனாரின் கல்யாணத்துக்காக அவர் வீட்டு ஆடுகளின் வெள்ளை மயிரை மட்டும் பொறுக்கி நெய்யக் கொடுத்தது. மணவறையில் அதை விரித்து, அதன்மேல் பொண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துத்தான் தாலி கட்டுவது. என் தாலியும் அதன்மேல் உட்கார்ந்து கட்டிக்கொண்டதுதான். முதுகு வேர்த்த அந்த நேரத்திலும் காலுக்கடியில் அது எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாமனார் பெங்களூருக்கு மண்டிக்குப் போகும்போதெல்லாம் அந்துருண்டை வாங்கி வருவார். வெள்ளை வெளேரென்று, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாக. அதைப் பெட்டியில் கை நிறைய அள்ளிப் போடுவார். ஊரில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது என்பதில் அவருக்கு ஒரு மிதப்பு. நான் போன முதல் வருஷம் பனிக்காலம் தொடங்கியபோது, போர்த்திக்கொள்ளப் பெட்டியைத் திறந்தோம். அறை முழுக்க அந்த நெடி. நாத்தனார்தான் கம்பளிகளை எடுத்து உதறினாள். உதறிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். இழுப்பு. மூச்சு உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. வண்டி கட்டி ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டாம், ஆனால் இவ்வளவு கடுமையாக வந்ததில்லையாம். இந்த நெடி இவளுக்கு ஆகாது, வீட்டில் வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாமனார் திரும்பி வந்ததும் நேராகப் பெட்டி இருந்த அறைக்குப் போனார். உருண்டைகளையெல்லாம் ஒரு முறத்தில் வாரிக்கொண்டு போய்க் கொல்லைக்கு அப்பால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு பெட்டியில் எதைப் போடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. அடுத்த ஆவணியில் நாத்தனாருக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு மைசூர் ராஜ்ஜியத்து மாலூர்ப் பக்கம். தை மாதம் முகூர்த்தம். வெள்ளைக் கம்பளியை வெளியே எடுத்து முற்றத்தில் விரித்தோம். ஒரு மூலை சல்லடையாக இருந்தது.

மாமனார் குனிந்து அந்த மூலையைத் தடவினார். விரல் ஓட்டை வழியாக மறுபக்கம் வந்தது. "போனது போவட்டும்," என்றார். "பெங்களூர்ல மில் கம்பளி ஒண்ணு நல்லதா பார்த்து வாங்கிட்டு வந்துடறேன்."

நாத்தனார் அதுவரை வாசற்படியில்தான் நின்றிருந்தாள், இழுப்புக்குப் பயந்து. அங்கிருந்தே சொன்னாள்: "மில் கம்பளி எல்லாம் வேணாம்பா. எங்கம்மா உக்காந்ததுலதான் நானும் உக்காருவேன். இல்லன்னா நின்னுக்கிட்டே தாலி கட்டிக்கறேன்."

சொன்னால் செய்கிறவள் அவள். மாமனார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "என்னம்மா பண்ணலாம்?" என்றார். எங்களிடம் அவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓட்டைய நாங்க தைச்சுடறோம் மாமா. தை வரைக்கும் மறுபடி பூச்சி வராம இருக்கணும், அதுதான்," என்றேன். "எங்கூர்ல துணிக்கு ஒரு வேர் போடுவாங்க."

"என்ன வேரு?" என்று ஓரகத்தி கேட்டாள்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். எங்கள் வீட்டில் அதன் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேர் சொல்லாதது என்றுதான் சொல்வது. பேரைச் சொன்னால் மருந்தின் குணம் போய்விடும் என்று என் அம்மா கண்டிப்பாக இருப்பார். அதனால் நானும், "அது பேர் சொல்லாததுக்கா," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேரே இல்லாத மருந்தா? இது என்ன மந்திரமா? அதெல்லாம் ஆவாது. எங்கூர்ல பஜே போடுவாங்க. பஜே போட்டா ஒரு பூச்சி அண்டாது. எங்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பறேன்."

"உங்க பஜேவ விட இது நல்லது."

"பார்த்துடலாமா?"

பார்த்துவிடலாம் என்று ஆயிற்று. அவள் ஆனேக்கலுக்குச் சொல்லி அனுப்பினாள். நான் கிருஷ்ணகிரிக்குப் போகிற என் வீட்டுக்காரரிடம், நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வரும்படி காதோடு சொல்லிவிட்டேன். அவை வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூலைக்கு மூலை உட்கார்ந்து வேலை செய்தோம்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பெட்டியைத் திறந்தால் வைக்கோல் நிறத்தில் பொடிப் பொடியாக ஏதோ பறந்து இருட்டுப் பக்கம் ஓடி ஒளிகிறது. அதுதான் கம்பளியைத் தின்கிறதென்று எல்லோரும் அதை அடித்து நசுக்குவார்கள். அவ்வளவு சின்னதற்கு இவ்வளவு பெரிய வாயா? உளுந்தும் பச்சைப்பயறும் போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். கிழிந்த கறுப்புக் கம்பளியில் ஒரு துண்டை வெட்டி உள்ளே போட்டு, பறக்கிறவற்றில் சிலதைப் பிடித்து விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டினேன். இன்னொரு ஜாடியில் அதே மாதிரி ஒரு துண்டு. அதில் கம்பளி மடிப்பில் நூலாம்படைக்குள் சுருண்டு கிடந்த வெள்ளைப் புழுக்களை ஈர்க்குச்சியால் எடுத்துப் போட்டேன். இரண்டையும் என் அறை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

நாத்தனார் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். "அண்ணி, ஊறுகா ஊறிடுச்சா?" என்று கேலி வேறு.

பறந்த பூச்சிகள் கொஞ்ச நாளில் செத்து அடியில் உதிர்ந்தன. துண்டில் ஒரு ஓட்டை இல்லை. புழு இருந்த ஜாடியில் துண்டு ஓரமெல்லாம் அரித்துக் கீழே மணல் மாதிரி கொட்டியிருந்தது. ஆக, தின்பது புழு. பறப்பது வெறுமனே பறக்கிறது. எனக்கு அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, என் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. செத்த பூச்சிகளைக் கொட்டிவிட்டு அந்தத் துண்டை ஜாடியிலேயே விட்டு வைத்திருந்தேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் அதிலும் புழு. கண்ணுக்குத் தெரியாத முட்டையைத் துண்டில் இட்டுவிட்டுத்தான் அவை செத்திருக்கின்றன.

ஜாடியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினேன். கோபத்தையெல்லாம் மறந்துவிட்டு ஓரகத்தியிடம்தான் முதலில் காட்டினேன். அவள் அடுப்பு வெளிச்சத்தில் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒன்று சொன்னாள். அது எனக்குத் தோன்றாத ஒன்று.

"மூலையில மட்டும் ஏன் தின்னுச்சு, யோசிச்சியா? உன் கல்யாணத்துல அந்த மூலையிலதான் பாலு கொட்டுச்சு. யாரோ செம்ப இடறிட்டாங்க. துடைச்சுட்டு அப்படியே மடிச்சு வெச்சோம்."

உண்மைதான். மற்ற கம்பளிகளையும் எடுத்துப் பார்த்தோம். தலைமாட்டில் எண்ணெய் பட்ட இடம், கழுத்தடியில் வேர்வை ஊறிய இடம், கஞ்சி சிந்திய இடம். ஓட்டையெல்லாம் அங்கேதான். சுத்தமான இடத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாங்கள் பேசியதுபோல் அதுவரை பேசியதே இல்லை.

இரண்டு பொட்டலங்களும் ஒருவழியாக அந்த வாரம்தான் வந்து சேர்ந்தன. ஆனேக்கல் பொட்டலத்தை அவள் பிரித்தாள், கிருஷ்ணகிரிப் பொட்டலத்தை நான் பிரித்தேன். நாத்தனார் நடுவராக உட்கார்ந்திருந்தாள். இரண்டிலும் கணுக்கணுவாக, விரல் பருமனில், பழுப்பு நிறத்தில் ஒரே வேர். ஒரே வாசனை. அவள் தன்னுடையதை முகர்ந்தாள், என்னுடையதை முகர்ந்தாள்.

"இது பஜேதானே?" என்றாள்.

"இது வசம்பு," என்று என்னை மறந்து பேரைச் சொல்லிவிட்டேன்.

"எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா இதைத்தான் வசன்னு சொல்லும்," என்றாள் நாத்தனார். "இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தீங்க?" சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஓரகத்தி கன்னடத்தில் ஏதேதோ சொல்லிச் சிரித்தாள், எனக்கு எல்லாம் புரிந்தமாதிரி இருந்தது.

அதற்கப்புறம் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை, சேர்ந்தே செய்தோம். பூந்திக்கொட்டையை உடைத்து ஊறவைத்து, நுரைத்த தண்ணீரில் வெள்ளைக் கம்பளியை முறுக்காமல் பிழியாமல் மெல்ல அமுக்கி அலசினோம். கொதிக்கிற தண்ணீர் பட்டால் கம்பளி சுருங்கிவிடும், அதனால் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. ஊருக்கு மேற்கே இருந்த பாறையில் விரித்து, ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பி, புளியம்மிளாறால் தட்டி, ஓரத்து மடிப்புகளைத் தென்னங்குச்சித் துடைப்பத்தால் இழுத்து இழுத்துத் தேய்த்தோம். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான். பட்டுச் சேலைகளை மட்டும் வெயிலில் போடாமல் நிழலில் கொடி கட்டிக் காற்றாடவிட்டோம். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வெயில் காட்டி, இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவி, நெடி அடங்கும்வரை திறந்தே வைத்திருந்தோம்.

மூலையைத் தைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் ஆட்டு மயிரையே முறுக்கி நூலாக்கி, நெசவு எப்படிப் போகிறதோ அப்படியே குறுக்கும் நெடுக்குமாகக் கோணி ஊசியால் இழையோட்டினோம். அவள் நெடுக்கு ஓட்டினால் நான் குறுக்கு. என் தையல் நெருக்கமாக விழும், அவளுடையது நேராகப் போகும். முடிந்தபோது எது பழசு எது புதுசு என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

இழுப்புக்காரி இருக்கிற வீட்டில் எதையும் சோதிக்காமல் பெட்டியில் போட முடியாது. ஓரகத்தி முதலில் காய்ந்த புகையிலையும் சேர்க்கலாம் என்றாள். ஒரு கந்தைத் துணியில் வைத்து நாத்தனாரை முகரச் சொன்னோம், உடனே இருமினாள். புகையிலை வேண்டாம் என்று தள்ளினோம். வேப்பிலை, நொச்சி, வசம்பு மூன்றுக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேப்பிலையையும் நொச்சியையும் நிழலில் நொறுங்குகிற பதத்துக்குக் காயவைத்தோம். ஈரம் இருந்தால் துணி பூசணம் பிடித்துவிடும். வசம்பை உரலில் இடித்து, துவைத்த மல் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டினோம். கம்பளியைப் பழைய வேட்டியில் காற்றுப் புகாமல் சுற்றி, மடிப்புக்கு மடிப்பு முடிச்சு வைத்தோம். வேர் நேராகத் துணியில் படாதபடி பார்த்துக்கொண்டோம், கறை இறங்கும். வைத்ததோடு விட்டுவிடவும் இல்லை. மாதாமாதம் வெளியே எடுத்து, உதறி, வெயில் காட்டி, வாசனை குறைந்த முடிச்சை மாற்றி வைத்தோம். உதறுவதுதான் பாதி வைத்தியம் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

தை வந்தது. எங்கள் வாசலில் பந்தல். மாலூரிலிருந்து மூன்று வண்டியும் ஒரு பஸ்ஸுமாக வந்து இறங்கினார்கள். மணவறையில் வெள்ளைக் கம்பளியை நானும் ஓரகத்தியும் ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தோம். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, வைரத்தோடும் பெரிய பொட்டுமாக, வந்ததிலிருந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், நேராக மணவறைக்கு வந்து குனிந்தார். கம்பளியின் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். தடவினார். தைத்த மூலைக்கே கை போயிற்று. 

"இதக்கே ஏனு ஹாக்கித்தீரி?" என்றார். இதற்கு என்ன போட்டீர்கள் என்று கேட்கிறார் என்பது அதற்குள் எனக்குப் புரிகிற அளவுக்கு வந்திருந்தது. ஓரகத்தி பதில் சொன்னாள். பஜே, வேப்பிலை, நொச்சி, வெயில் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். ஜாடியில் பூச்சியை வைத்துப் பார்த்த கதையை முழுக்கச் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தன் வீட்டில் நாலு சால்வை சல்லடையாகிவிட்டது, எனக்கும் அந்த வேரைக் கட்டிக் கொடு என்றார்.

நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். ஐயர் நிதானமானவர், மந்திரம் நீண்டுகொண்டே போயிற்று. ஓமப்புகை வந்த பக்கம் விசிறி வைத்து நான் நின்றிருந்தேன். தாலி கட்டி முடியும்வரை அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. எழுந்திருக்கும்போது குனிந்து கம்பளியை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரிடமோ, "எம் மருமகளுங்க ரெண்டு பேரு வெச்சிருந்தது," என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பாறையில் இன்னும் பத்துக் கம்பளி காயவைத்திருப்பேன்.

மாப்பிள்ளை வீட்டோடு சேதி நிற்கவில்லை. ஊரில் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். பிளாக் ஆபீஸிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற கிராம சேவிகையின் காதுக்கும் போயிற்று. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், என் வயசுதான் இருக்கும், சைக்கிளில் வருவார். புகையில்லாத அடுப்பு, குழந்தைக்கு அம்மை குத்துவது என்று பள்ளிக்கூடத்தில் பெண்களைக் கூட்டிப் பேசுவார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அடுத்த கூட்டத்துல நீங்க பேசுங்க," என்றார்.

"நானா? எனக்குப் பேச வராதுங்க."

"உங்க ஓரகத்திகிட்ட பேசற மாதிரி பேசுங்க, போதும்."

பேசினேன். பயந்துகொண்டேதான் எழுந்து நின்றேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் தெலுங்கில், அந்துருண்டை இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என் பயத்தைப் போக்கியது. இழுப்பைச் சொன்னேன், ஜாடியைச் சொன்னேன், பால் சிந்திய மூலையைச் சொன்னேன். தமிழில் தொடங்கியது, எதிர்வீட்டு அம்மாளிடம் பழகிய தெலுங்கில் போய்க் கன்னடத்தில் முடிந்தது. தடுமாறின இடத்தில் ஓரகத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே வார்த்தை எடுத்துக் கொடுத்தாள். அழுக்கோடு மடித்து வைக்காதீர்கள், ஈர இலையைப் போடாதீர்கள், போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள் என்று சொல்லி முடித்தபோது யாரும் எழுந்து போகவில்லை. இன்னும் கேட்க வேண்டியது பாக்கி இருந்தது அவர்களுக்கு.

கிராம சேவிகை அன்றைக்கே மாமனாரிடம் வந்து நின்றார். பக்கத்து ஊர்களிலும் நான் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். வீட்டுப் பெண்கள் அப்படி ஊர் ஊராகப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமனார் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ரெண்டு பேரையும் அனுப்பறேன்," என்றார். "ஒருத்தி இல்லாம ஒருத்தி போனா பாதிதான் சொல்லுவா."

வண்டி கட்டச் சொன்னார். வழக்கமாகப் பெண்கள் வண்டியின் பின்பக்கம் திரை இறக்கி உட்காருவோம். அன்றைக்கு ஓரகத்தி திரையைச் சுருட்டி மேலே செருகினாள். அது நழுவாதபடி நான் ஒரு முடிச்சுப் போட்டேன். மடியில் இரண்டு கண்ணாடி ஜாடிகளை வைத்துக்கொண்டு, ராகிக் கொல்லையில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்க்கப் பார்க்க, நாங்கள் இரண்டு பேரும் முகம் தெரிய உட்கார்ந்து போனோம்.